வியாசர்பாடி படிப்பகம்: ஆறு தையல் மிஷின் வாங்கலாமா, வேணாமா?

படிப்பகத்தான் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். வடசென்னை வியாசர்பாடியில எம்.கே.பி. நகர் பக்கம், வாரியம் கட்டின போர்டு வீடுங்களுக்கு நடுவுல எங்களுக்கு ஒரு படிப்பகம் இருக்கு. எங்கப்பா செட்டு ஆளுங்க சேர்ந்து கட்டினது. இருபதுக்கு முப்பது ஹால், மேல ஷீட்டு, ரெண்டு ஃபேன், மூணு கேரம் போர்டு, காலையில ரெண்டு பேப்பர். சாயங்காலம் பத்தாவது, பன்னெண்டாவது பசங்களுக்கு டியூஷன். காலேஜ் முடிச்ச நம்ம பசங்களே எடுக்குறாங்க, அது நல்லாப் போகுது.

பிரச்சனை டியூஷனுக்கு வராத பசங்க. பதினேழுலருந்து இருபத்திரண்டு வயசு வரைக்கும் ஒரு முப்பது பேர் இருப்பாங்க. ஒன்பதாவதோட நின்னவன், பிளஸ் டூல ஒரு சப்ஜெக்ட் போனவன், பிகாம் சேர்ந்து மூணாவது செமஸ்டர்ல காணாமப் போனவன். சென்ட்ரிங் வேலைக்குப் போவாங்க, பாரிஸ் கார்னர்ல லோடு இறக்குவாங்க. ரெண்டு நாள் வேலை, மூணு நாள் கேரம்.

இப்ப ஒரு கம்பெனிக்காரங்க சிஎஸ்ஆர்ல, அதான் சமூகப் பணிக்குன்னு கம்பெனிங்க ஒதுக்குற காசுல, ஆறு தையல் மிஷின் தர்றோம்ங்கிறாங்க. கூடவே ஒரு பயிற்சி நிறுவனம், "மூணு மாசக் கோர்ஸ், சர்டிஃபிகேட், வேலை எல்லாம் நாங்க பாத்துக்கிறோம், ஹால் மட்டும் குடுங்க"ன்னு நிக்குது. கமிட்டியில பாதிப் பேர் கேரம் போர்டைத் தூக்கிட்டு மிஷினைப் போடுன்றாங்க. எனக்கு என்னமோ உறுத்துது. பயிற்சி குடுத்து அனுப்புறதோட நிக்காம, படிப்பகமே சின்னதா ஒரு தொழில் நடத்தி, பசங்க கத்துக்கிட்டே சம்பாதிக்கிற மாதிரி நம்ம பக்கம் நடக்குமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

மூணுமாசக்கோர்ஸ் | ஞாயிறு, இரவு 10.15

நான் அந்த மூணு மாசக் கோர்ஸ் படிச்சவன் ப்ரோ. எந்த நிறுவனம்னு சொல்ல வேணாம், பேர்தான் வேற, எல்லாம் ஒண்ணுதான். காலையில விரல் வெச்சு அட்டெண்டன்ஸ். கம்ப்யூட்டர் ஹார்டுவேர் கோர்ஸ், ஆனா கழட்டிப் பாக்க நாப்பது பேருக்கு ரெண்டே சிபியு. கடைசி நாள் பெரிய மனுஷர் ஒருத்தர் வந்தாரு, சர்டிஃபிகேட்டைப் புடிச்சிக்கினு எல்லாரும் போட்டோ எடுத்தோம். அப்பால ஒரகடத்துல ஒரு கம்பெனிக்கு அனுப்பினாங்க. ஹார்டுவேரும் இல்ல சாஃப்ட்வேரும் இல்ல, பேக்கிங். விடிகாலையில கம்பெனி பஸ்ஸைப் புடிக்கணும், வீட்டுக்கு வர ராத்திரி ஒன்பதரை. மூணு வாரம் தாங்குனேன். பேப்பர்ல நான் "வேலை கிடைத்தவர்" கணக்குல இருக்கேன். இப்ப வரைக்கும் இருப்பேன்னு நெனைக்கிறேன்.

அந்த நிறுவனத்துக்கு உன் ஹால் வேணும், முப்பது ஆதார் நம்பர் வேணும். இன்னாத்துக்குன்னு யோசிச்சுக்கோ.

ஓவர்லாக் அக்கா | திங்கள், காலை 6.50

தம்பி, நான் தண்டையார்பேட்டைல பதினாறு வருஷமா மிஷின் ஓட்டுறேன், மகளிர் சுயஉதவிக் குழுவுல இருக்கேன். நீங்க மிஷினைக் கேக்குறீங்க, நான் ஆர்டரைக் கேக்குறேன். யாரு துணி தருவா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக் கடைங்களுக்கு நைட்டி, பாவாடை தைக்கிறது எல்லாம் பீஸ் ரேட். கட்டிங் மாஸ்டர் வெட்டிக் கட்டு கட்டாக் குடுப்பாரு, நாங்க சேத்துத் தைச்சு, ஓரம் பிரியாம ஓவர்லாக் அடிச்சுக் குடுக்கணும். ஒரு நாள்ல எத்தனை பீஸ் எடுக்குறமோ அதுதான் கூலி. கை வேகம் வரவே ஆறு மாசம் ஆகும். புதுசா கத்துக்கிற பொண்ணு ஒரு நாளைக்குப் பத்து பீஸ் எடுக்க மாட்டா. அவ தப்பாத் தைச்சதைப் பிரிச்சு மறுபடி தைக்கிற ஆளுக்கு யாரு கூலி குடுப்பா? தீபாவளிக்கு முன்னாடி ராத்திரி பகல் வேலை, தை முடிஞ்சா மிஷின்மேல பூனை தூங்கும்.

அரசுப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்கள் மூலமாத்தான் தைக்கிறாங்க. அதுல உறுப்பினராகாம அந்த ஆர்டர் நமக்கு வராது. ஆறு மிஷின்ல எத்தனை பவர் மிஷின், எத்தனை கால் மிஷின்? கால் மிஷின்னா வேணாம்னு சொல்லிடுங்க. எங்க பக்கம் ஒரு கூடத்துல எட்டு கால் மிஷின் சாக்கு போத்திக் கெடக்கு. சாக்கும் சிஎஸ்ஆர்ல வந்ததுதான்.

மின்ட் வாத்தியார் | திங்கள், காலை 11.05

நான் ஐடிஐ-யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒரு கேள்வி: அந்த முப்பது பேரில் எத்தனை பேருக்கு ஐடிஐ பற்றித் தெரியும்?

எட்டாவது தேறியிருந்தால் வெல்டர் ஓராண்டு, ஒயர்மேன் இரண்டு ஆண்டு. பத்தாவது தேறியிருந்தால் குளிர்சாதன மெக்கானிக் இரண்டு ஆண்டு. அரசு ஐடிஐ-யில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையென்றால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் வழியாக மாதம் 1000 ரூபாய் ஐடிஐ-க்கும் பொருந்தும். எட்டாவது படித்துவிட்டு இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்தவன் தமிழ், ஆங்கிலம் மட்டும் எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணைச் சான்று கிடைக்கும். பத்தாவதும் இரண்டாண்டு ஐடிஐயும் முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இது தெரியாமலேயே "நான் ஃபெயிலு சார்" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பக்கத்திலேயே பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் இருக்கிறது. ஆண்டுதோறும் தொழில் பழகுநர் அறிவிப்பு வருகிறது, மதிப்பெண் அடிப்படையில் தேர்வு. சில ஆண்டுகளாக வந்த அறிவிப்புகளில் பத்தாவது முடித்தவருக்கு மாதம் 6000, ஐடிஐ முடித்தவருக்கு 7000. பழகி முடித்தால் அங்கேயே வேலை என்பது இல்லை, ஆனால் அந்தச் சான்றுக்கு வெளியே மதிப்பு உண்டு. படிப்பகத்தின் பலகையில் இந்த அறிவிப்பை ஒட்டுவதற்கு எந்த கம்பெனியின் சிஎஸ்ஆரும் தேவையில்லை.

படிப்பகத்தான் | திங்கள், மதியம் 1.30

வாத்தியார் ஐயா, அந்த இணைச் சான்று விஷயம் எனக்கே தெரியாது. இன்னைக்கே எழுதி ஒட்டுறேன். ஆனா ரெண்டு வருஷம் 750 ரூபாய்ல உக்கார முடியாதவன் இருக்கானே. அவன் சாயங்காலம் வீட்டுக்கு எரநூறாவது கொண்டுபோகணும். அவனைப் பத்திதான் என் கவலை.

வடக்கத்தி | திங்கள், மாலை 4.10

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை தோழர். 2023-24 பட்ஜெட்டுல வடசென்னை வளர்ச்சித் திட்டம்னு 1000 கோடி அறிவிச்சாங்க, 2024 மார்ச்ல தங்க சாலையில தொடக்க விழா நடந்துச்சு. அப்புறம் தொகை இன்னும் ஏறுச்சு. கொளத்தூர்ல 2024 நவம்பர்ல முதல்வர் படைப்பகம் திறந்தாங்க. படிக்க ஒரு இடம், லேப்டாப் வெச்சு வேலை பாக்க ஒரு இடம். நல்ல கட்டடம், இல்லைன்னு சொல்லல. அதே மாதிரி நம்ம வார்டுல ஒண்ணு கேட்டுப் போராடாம, சிஎஸ்ஆர் கம்பெனி வாசல்ல போய் நிக்கணுமா? பெரிய கம்பெனிங்க லாபத்துல ரெண்டு சதவீதம் சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும்னு 2013 கம்பெனிச் சட்டத்துலயே இருக்கு. அவங்க நமக்குப் பிச்சை போடல.

நம்ம வரலாறும் அதுதான். 1918-ல பின்னி மில் ஆளுங்களை வெச்சுத்தான் மெட்ராஸ் லேபர் யூனியன் பொறந்துச்சு. பெரம்பூர், பட்டாளம், புளியந்தோப்புல வீட்டுக்கு ஒரு மில் ஆளு இருந்த காலம். 1996-ல மில்லை மூடுனாங்க. அப்பாவுக்குப் பின்னாடி புள்ளை வேலைக்குப் போற வழி அத்தோட அடைஞ்சுது. ஒரு மில்லு போன இடத்துல ஆறு தையல் மிஷினா?

மூணுமாசக்கோர்ஸ் | திங்கள், மாலை 4.25

தோழர், போராடுங்க, நானும் வர்றேன். ஆனா படைப்பகத்துல லேப்டாப் வெச்சிருக்கிறவன் உக்காருவான். என் ஃப்ரண்டு அடகு வெச்ச போனை மீட்கவே வழியில்லாம உக்காந்துனுருக்கான்.

கம்ப்ரசர் | திங்கள், இரவு 11.20

படிச்சுட்டுப் பேசாமப் போகலாம்னுதான் இருந்தேன். நாங்க பெரம்பூர் பக்கம் ஒரு சமூகக் கூடத்துல இருந்து ஏசி சர்வீஸ் யூனிட் ஒண்ணு நடத்துறோம், அஞ்சாவது வருஷம். நல்லது கெட்டது ரெண்டையும் சொல்றேன், நீளமாப் போகும்.

வெற்றிட பம்பு, கேஜ், கிளாம்ப் மீட்டர், ஜெட் வாஷ் பம்பு, ஃபிளேரிங் டூல், ஏணி, பாதுகாப்பு பெல்ட், எல்லாம் சேத்து முதல்ல 38,000 ஆச்சு. பாதி சந்தா, பாதி ஒரு டாக்டரம்மா குடுத்தாங்க. பக்கத்துல கடை வெச்சிருந்த ஒரு மெக்கானிக் அண்ணனைப் பாதிச் சம்பளத்துக்குச் சேத்தோம், மீதியை அவர் வழக்கம்போல வெளி வேலையில சம்பாதிச்சுக்குவாரு. ஒரு அண்ணனுக்கு மூணு பசங்க, அதுக்கு மேல ஏத்தவே இல்ல. முதல் மாசம் ஏணி புடிக்கிறது, ஃபில்டர் கழுவறது. ரெண்டாவது மாசம் வெட் சர்வீஸ், அதான் தண்ணி அடிச்சு யூனிட்டைக் கழுவறது. கெபாசிட்டர் மாத்துறது, கேஸ் செக் பண்றது அதுக்கு அப்புறம். முதல் நாளிலிருந்து தினம் 250 ரூபாய், சாயங்காலமே கையில. மாசக் கடைசியில தர்றோம்னு சொல்லியிருந்தா ஒருத்தன்கூட நிக்க மாட்டான். சென்ட்ரிங்ல அன்னைக்குக் காசு அன்னைக்கே வருதுல்ல.

பதினெட்டுக்குக் கீழ இருக்கிறவனை வெளிப்பக்க யூனிட்டுக்கு ஏத்தவே ஏத்தாதீங்க. சட்டமும் விடாது, நம்ம மனசும் தாங்காது. இப்ப வர்ற ஏசியில ஆர்32 கேஸ், அது தீப்பிடிக்கிற ரகம், பீடி சிகரெட் எல்லாம் கீழ வெச்சுட்டுத்தான் மேல போகணும். பதினெட்டு முடிஞ்ச எல்லாப் பசங்களுக்கும் பேங்க்ல வருஷத்துக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு போட்டாச்சு. அதுக்காகவே அக்கவுண்ட் திறந்தவனுங்க உண்டு.

இப்ப முக்கியமான விஷயம். வேலை கத்துக்குடுக்கிறது கஷ்டமே இல்ல. கொளத்தூர்லயும் மாதவரத்துலயும் அபார்ட்மெண்ட் கதவைத் திறக்க வைக்கிறதுதான் கஷ்டம். வீட்டுக்காரங்க கேக்குற முதல் கேள்வி "எந்த ஏரியா தம்பி?" வியாசர்பாடின்னு சொன்னா முகம் மாறும். பையன் பெரம்பூர்னு சொல்லுவான். நானும் அந்த வயசுல இன்டர்வியூவுக்கு அயனாவரம் சித்தி வீட்டு அட்ரஸ்தான் குடுத்தேன். பத்து வருஷ அனுபவம் இருந்தாலும் பையன் தனியாப் போனா அந்தக் கதவு பாதிதான் திறக்கும். கூடத்தோட பேர் போட்ட பில் புக், கூடத்தோட போன் நம்பர், எடுத்தா பேசுறதுக்கு ஒரு அக்கா. இது இருந்தா முழுசாத் திறக்கும். நாங்க விக்கிறது சர்வீஸே இல்லைன்னு சில சமயம் தோணும். ஜாமீன் நிக்கிறோம்.

ஒரு தடவை ஒரு பையன் சர்வீஸ் முடிச்சு வந்துட்டான், டிரெயின் பைப் சரியா மாட்டலை. ராத்திரியெல்லாம் தண்ணி சொட்டிக் கீழ இருந்த இன்வெர்ட்டர் போச்சு. வீட்டுக்காரர் கத்துனாரு பாருங்க, அக்கா போனைக் காதுல இருந்து தள்ளி வெச்சுக்கிட்டுக் கேட்டாங்க. மறுநாள் அந்தப் பையனையும் கூட்டிக்கிட்டு நான் போய் 4,500 கட்டிட்டு வந்தேன். கூடத்துக் காசு, பையன்கிட்ட புடிக்கலை. தனியாப் போன பையன்னா போனை ஆஃப் பண்ணிட்டு ஓடியிருப்பான், அத்தோட அந்தத் தொழிலையே விட்டிருப்பான். இவன் இப்பவும் எங்ககிட்ட இருக்கான். அந்த அபார்ட்மெண்ட்ல இப்ப பதினோரு வீடு எங்களுக்கு.

நஷ்டம் எங்கன்னா, ஏசி வேலை மார்ச்லருந்து ஜூன் வரைக்கும்தான். மழை வந்தா கணேசபுரம் சுரங்கப்பாதையில தண்ணி, எங்க கல்லாவும் காலி. வாஷிங் மெஷின், கீசர் கத்துக்கிட்டோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளம் வடிஞ்ச கையோட நனைஞ்ச ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் கூடத்து வாசல்ல வரிசை கட்டி நின்னுச்சு. போர்டு வீட்டு ஆளுங்ககிட்ட பார்ட்ஸ் காசு மட்டும்தான் வாங்கினோம். அந்த மாசம் யூனிட்டுக்கு ஒரு பைசா மிஞ்சலை.

கணக்கு நோட்டு | செவ்வாய், காலை 8.30

கம்ப்ரசர் அண்ணே, கை குடுங்க. ஒரு கேள்வி: நல்லாக் கத்துக்கிட்ட பையன் கஸ்டமர் நம்பரைத் தூக்கிக்கிட்டுத் தனியாத் தொழில் ஆரம்பிச்சுட்டா?

கம்ப்ரசர் | செவ்வாய், காலை 8.55

போயிருக்காங்க. நாலு பேர். முதல் பையன் போனப்ப எனக்கு அவ்வளவு கோவம், அவன் கல்யாணத்துக்கே போகலை. அப்புறம் யோசிச்சா, போகத்தானே சொல்லிக்குடுத்தோம். ஒருத்தன் போனா அந்த சீசன்ல எங்களுக்கு வரவு விழும், புதுப் பையனை ஏணி புடிக்கிறதுலருந்து ஆரம்பிக்கணும். இதைச் சரிக்கட்ட இன்னும் வழி தெரியலை.

கணக்கு நோட்டு | செவ்வாய், காலை 10.40

வழி இருக்கு, கணக்கைப் பிரிங்க. நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். இந்த மாதிரி கூடங்க படுக்குறதுக்குக் காரணம் தொழில் நஷ்டம் இல்ல. ஒரே நோட்டுல எழுதுறதுதான்.

புதுப் பையனோட முதல் ரெண்டு மாசக் கூலி, அண்ணனோட பாதிச் சம்பளம், கெட்டுப்போன கேஸ், இதெல்லாம் பயிற்சிச் செலவு. இதை ஏசி வருமானத்துல கழிச்சா எந்தக் காலத்துலயும் லாபம் வராது. பக்கத்துக் கடைக்காரன் புதுசா வர்றவனுக்குச் சொல்லிக்குடுக்கிறதில்லையே, நேரா தெரிஞ்ச ஆளை வேலைக்கு எடுக்குறான். அவனோட போட்டி போட்டு, அவன் சுமக்காத சுமையையும் நீங்க சுமக்குறீங்க. அந்தச் சுமைக்குத்தான் நன்கொடை கேக்கணும். படிப்பகத்தான் தம்பி, அந்த கம்பெனிகிட்டப் போய் மிஷின் வேணாம், ஒரு மெக்கானிக் சம்பளமும் ஆறு பசங்களுக்கு ரெண்டு மாசக் கூலியும் குடுங்கன்னு கேளுங்க. முகம் சுளிப்பாங்க. மிஷின்ல கம்பெனி பேர் எழுதலாம், கூலியில எழுத முடியாது. ஆனா கேளுங்க.

அம்மா உணவகத்தையே எடுத்துக்கோங்க. 2013-ல ஆரம்பிச்சது, குழுப் பொண்ணுங்க நடத்துறாங்க, இட்லி ஒரு ரூபாய். அது இட்லிக் கடையா இருந்தா பத்து நாள்ல மூடியிருப்பாங்க. மாநகராட்சி சுமக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால யாரும் அதை நஷ்டக் கடைன்னு சொல்றதில்ல. எது சேவை எது வியாபாரம்னு முதல்லயே சொல்லிட்டா சண்டையே கிடையாது.

படிப்பகம் பதிவு பண்ணியிருக்கா? சங்கப் பதிவுச் சட்டம் 1975-ல ஏழு பேர் இருந்தாப் போதும். அறக்கட்டளையா வருமான வரி விலக்கு வாங்கினா வியாபாரத்துக்குத் தனிப் புத்தகம் கட்டாயம். பொதுநல நோக்கம்னு பதிஞ்சிருந்தா வியாபார வரவு மொத்த வரவுல 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கவனம். சர்வீஸ் வருமானம் வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டாத வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு வேணாம். சிறு தொழில்னு பதியுற உத்யம் பதிவு இலவசம், காசு கேக்குற வெப்சைட் பக்கமே போகாதீங்க.

ரெண்டாம் ஷிஃப்ட் | செவ்வாய், மாலை 6.15

இவ்வளவு பேர் பேசுறீங்க, முப்பது "பசங்க"ன்னா முப்பதும் ஆம்பளைப் பசங்களா? அந்த பிளாக்குல பொண்ணுங்களே இல்லையா அண்ணா?

நாங்க ஏன் வர்றதில்லைன்னு சொல்றேன். ஹால்ல பாத்ரூம் இல்ல. வாசல்ல பத்து பேர் வண்டியில உக்காந்திருப்பாங்க. வகுப்பு ஏழு மணிக்குன்னு வெச்சா ஒன்பதுக்கு முடியும், அப்பா விட மாட்டாரு. அதை எல்லாம் சரி பண்ணாம "பெண்களுக்குத் தையல்"னு போர்டு மாட்டினா நான் சிரிச்சுட்டுப் போயிடுவேன். எனக்குத் தையல் புடிக்கவும் புடிக்காது. ஏசி சர்வீஸுக்கு ஒரு பொண்ணு வந்தா பகல்ல தனியா இருக்கிற அக்காங்க, பாட்டிங்க எவ்வளவு நிம்மதியாக் கதவைத் திறப்பாங்கன்னு கம்ப்ரசர் அண்ணா யோசிச்சீங்களா?

கேரம் போர்டை ஏன் தூக்கணும்? உலக சாம்பியன் இளவழகி நம்ம வியாசர்பாடிதான். 2024-ல அமெரிக்காவுல கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கின காசிமா புது வண்ணாரப்பேட்டை. ரெண்டுமே பொண்ணுங்க. ஒரு போர்டைப் பொண்ணுங்களுக்குன்னு நாலு மணியிலருந்து ஆறு வரைக்கும் விடுங்க. அங்கருந்து ஆரம்பிக்கலாம்.

கம்ப்ரசர் | செவ்வாய், இரவு 9.05

யோசிக்கலைம்மா. அஞ்சு வருஷத்துல ஒரு தடவைகூடத் தோணலை. எங்க கூடத்துல இந்த வாரமே பேசுறேன்.

வலைக்காரன் | செவ்வாய், இரவு 10.30

காசிமேட்டுலருந்து சின்னதா ஒண்ணு. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுல போற பசங்க சும்மா நிப்பாங்க. உங்களுக்கு ஏசி சீசனும் அதே மாசம். எஞ்சின் தெரிஞ்ச பசங்க, உயரம்னா பயம் கிடையாது, கயிறு கட்டத் தெரியும். ஆள் வேணும்னா சொல்லுங்க.

கம்ப்ரசர் | செவ்வாய், இரவு 10.34

நாளைக்கே போன் பண்றேன் தலைவா, உள்பெட்டியில நம்பர் அனுப்புங்க.

வடக்கத்தி | புதன், காலை 9.20

நான் சொன்னதை மாத்திக்கலை, அரசாங்கம் செய்யணும். ஆனா சத்தம் போட்ட அளவுக்கு எதுவும் செய்யலைங்கிறது உண்மை. எங்க தெருவுல மாநகராட்சி சமுதாயக் கூடம் ஒண்ணு இருக்கு, முகூர்த்த நாள் தவிரப் பூட்டித்தான் கெடக்கு. பகல்ல பயிற்சிக்கு விடச் சொல்லி மாநகராட்சி மண்டல ஆபீஸ்ல மனு குடுக்கிறேன். கையெழுத்துக்கு ஆள் வேணும்.

படிப்பகத்தான் | புதன், இரவு 9.50

நேத்து கமிட்டி கூடுச்சு. பயிற்சி நிறுவனத்துக்கு ஹால் இல்லைன்னு சொல்லியாச்சு. வருத்தப்படலை, அடுத்த தெருவுக்குப் போயிட்டாங்க. கம்பெனிக்காரங்ககிட்ட மிஷினுக்குப் பதிலா கூலி கேட்டோம். "மேலிடத்துல கேக்குறோம்"னாங்க. குரலை வெச்சுப் பாத்தா கிடைக்காது போலத்தான் தெரியுது. ரெண்டு பவர் மிஷின் மட்டும் குடுத்தா வாங்கிக்கலாம்னு ஓவர்லாக் அக்கா போன்ல சொன்னாங்க, அக்காவே ஆர்டர் கொண்டு வர்றாங்களாம்.

கம்ப்ரசர் அண்ணன் ஞாயிறு காலையில பத்து மணிக்கு ஒரு பழைய ஸ்பிளிட் ஏசியை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வர்றாரு. ஹால் நடுவுல வெச்சுக் கழட்டி மாட்டப் போறோம், யார் வேணா வந்து கை வைக்கலாம். மூணுமாசக்கோர்ஸ், நீயும் வா. பாத்ரூமுக்கு எஸ்டிமேட் போட்டாச்சு, சந்தா நோட்டு அடிச்சாச்சு. நாலுலருந்து ஆறு வரைக்கும் ஒரு போர்டு பொண்ணுங்களுக்கு, வாசல்ல வண்டி நிறுத்தக் கூடாதுன்னும் எழுதி ஒட்டிட்டோம். அதுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் சண்டை.

மூணுமாசக்கோர்ஸ் | புதன், இரவு 10.02

சர்டிஃபிகேட் உண்டா?

படிப்பகத்தான் | புதன், இரவு 10.05

டீ உண்டு. கேரம் பவுடர் தீர்ந்துபோச்சு, வரும்போது ஒரு டப்பா வாங்கிட்டு வா.